பட்டாளத்துக் கதை எழுதுவது: காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு ஒரு பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர், 1971 பாகிஸ்தான் போருக்குப் போய் வந்தவர். அவரை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறாராம். கதையில் பாதிக்குமேல் சண்டைதான். படித்துப் பார்த்த நண்பர்கள், "சினிமா மாதிரி இருக்கு, ஆனா எதுவும் மனசுல நிக்கல" என்று சொல்லிவிட்டார்கள். போரைப் பற்றிய நல்ல கதைகளில் என்னென்ன உத்திகள் வருகின்றன, அவை எதையெல்லாம் பேசுகின்றன, பட்டாளத்தையே பார்க்காத நான் இதை எழுதலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எழுதலாம் தம்பி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் பிறந்ததே 1871-இல்தான். அந்தப் போரை வைத்து அவர் எழுதிய நாவல் 1895-இல் புத்தகமாக வந்தபோது, இவரும் நம்மோடு களத்தில் இருந்தவர்தான் என்று பழைய சிப்பாய்களே நம்பியதுண்டு. கதையில் ஹென்றி என்ற பையன் முதல் தாக்குதலில் எப்படியோ நின்றுவிடுகிறான். எதிரி மறுபடியும் வரும்போது துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். வழியில், அவனைப் போலவே தலைதெறிக்க ஓடிவரும் சொந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் அடித்துவிடுகிறான். ரத்தம் வழியத் திரும்பி வருகிறவனைப் பார்த்துத் தோழர்கள் குண்டு உரசிய காயம் என்று நினைத்துக் கட்டுப் போடுகிறார்கள், தங்கள் போர்வையைக் கொடுக்கிறார்கள். அவனும் "ஆமாம், சுட்டுவிட்டார்கள்" என்கிறான். இதை எழுதியபோது கிரேன் போரைப் பார்த்ததில்லை. ஆனால் பயந்தவன் பொய் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பார். அதை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

அந்தக் காயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது வீரத்தழும்பு. சுமக்கிறவனுக்கு அது என்னவென்று தெரியும். முரண், குறியீடு, பின்னோக்கு, அடுக்கு என்று பாடப்புத்தகங்கள் போர்க்கதையின் உத்திகளை வரிசையாக எழுதும். எனக்குத் தெரிந்தவரை அவை எல்லாமே இந்த ஒரு இடைவெளியைக் காட்டுவதற்காக வந்தவைதான். போரைப் பற்றி அரசாங்கமும் ஊரும் ஒன்று சொல்கின்றன, போய்வந்தவனின் உடம்புக்குத் தெரிந்தது இன்னொன்றாக இருக்கிறது. உங்கள் கதை மனதில் நிற்காததற்குக் காரணம் அதில் முதலாவது மட்டும் இருப்பதாகத்தான் இருக்கும். உங்கள் கதையைப் பார்க்காமலே சொல்கிறேன், சண்டையையே ஆறேழு பக்கம் எழுதுகிற எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் அது.

இதற்கு வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் நம் பக்கத்தையே பார்த்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் செங்கம் வரை நடுகல் கிடைக்காத ஊர் குறைவு. பல ஊர்களில் அதையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய் நின்று பாருங்கள். வில்லோடோ, வாளும் கேடயமுமாகவோ ஒருவன். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ். மேலே வட்டெழுத்தில் ஓரிரு வரி. பழைய கற்களில் அந்த வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் தொறுக் கொண்டபோது, இன்னாரின் சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்பது மாட்டு மந்தை. அந்த மாட்டுக்கும் பல்லவ அரசனுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இருந்திருக்காது. இருந்தாலும் அவன் பெயர்தான் முதலில். செத்தவன் பெயர் கடைசியில்.

ஆனாலும் பெயர் இருக்கிறது, அது பெரிய விஷயம். செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் எருமை மந்தைக்காகச் செத்த வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர் போட்டு, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை அப்படியே இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். போர் முடிந்தபின் தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் வெள்ளைக்கார அரசாங்கம் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை மகா யுத்தத்துக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். அவ்வளவுதான், பெயரே கிடையாது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாவலாசிரியன் வந்து நுழைகிற இடம் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அப்படி நுழைந்த கதைகளில் இந்தியாவில் முதலில் சொல்லவேண்டியது, சந்திரதர் சர்மா குலேரி 1915-இல் இந்தியில் எழுதிய 'உஸ்னே கஹா தா'. போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியது. அமிர்தசரஸ் கடைவீதியில் ஒரு பையனும் ஒரு சிறுமியும் சந்திக்கிறார்கள். பையன் கேலியாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான், உனக்கு நிச்சயம் ஆகிவிட்டதா என்று. ஒருநாள் அவள் ஆமாம் என்கிறாள். அடுத்த பகுதியில் சட்டென்று பிரான்ஸில் பதுங்குகுழி, குளிர், சேறு. இருபத்தைந்து வருடம் நடுவில் காணாமல் போயிருக்கிறது. ஜமாதார் லஹனா சிங் தன் கம்பளியை எல்லாம் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பையனுக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்று நமக்குக் கடைசியில்தான் தெரிகிறது. அவன் சாகும் நேரத்தில் பழையதெல்லாம் கலைந்து கலைந்து வருகிறது. அந்தச் சிறுமி இப்போது சுபேதாரின் மனைவி. அவன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது தன் கணவனையும் மகனையும் காப்பாற்றச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பின்னோக்கு உத்தி என்று வகுப்பில் சொல்வது இதுதான். ஆனால் சும்மா அழகுக்காக அவர் அதைச் செய்யவில்லை. காரணத்தை மறைத்துவைத்துச் செயலை மட்டும் முதலில் காட்டுகிறார். படிக்கிறவன் முதலில் தியாகம் என்று நினைத்த காரியம், கடைசியில் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்றாக மாறிவிடுகிறது.

கதையின் முடிவு இன்னும் கெட்டிக்காரத்தனம். சில நாள் கழித்து ஜனங்கள் பத்திரிகையில் படிக்கிறார்கள்: பிரான்ஸ், பெல்ஜியம், 68-ஆவது பட்டியல், களத்தில் காயத்தால் மரணம், 77 சீக்கியத் துப்பாக்கிப்படை, ஜமாதார் லஹனா சிங். முடிந்தது. ஆசிரியர் அழவில்லை, அழச் சொல்லவும் இல்லை. இத்தனை பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு மனிதன் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்குவதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். பதினாலு வருடம் கழித்து, 1929-இல், ஜெர்மனியில் எரிக் மரியா ரெமார்க் தன் நாவலை இதே மாதிரி முடித்தார். பால் பாய்மர் 1918 அக்டோபரில் விழுகிறான். அன்று போர்முனை முழுவதும் அவ்வளவு அமைதி, ராணுவ அறிக்கையில் ஒரே வாக்கியம்தான், மேற்கில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று. அதுவே நாவலுக்குத் தலைப்பு. ரெமார்க் குலேரியைப் படித்திருக்க வழியில்லை. இருவரும் தனித்தனியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த முடிவைப் போரேதான் கொடுத்திருக்கிறது.

சரி, அரசாங்க வரிக்கு எதிரே என்ன வைப்பது? பெரும்பாலும் ஒரு சின்னப் பொருள். இதிலும் நம் ஊர்தான் முன்னால். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் செத்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆவது பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, 'நாரரி சிறுகலத்து' வார்க்கிறார்கள், அதாவது நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இறந்தவனை எப்படியெல்லாம் புகழலாம் என்று ஒரு அரசவையே யோசிக்கிற இடத்தில், ஔவையின் கண் அந்தக் கலத்தின் அளவில் போய் நிற்கிறது. அகழ்வைப்பகத்தில் கெண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

ரெமார்க்கிடம் அந்தச் சின்னப் பொருள் ஒரு ஜோடி பூட்ஸ். ஆஸ்பத்திரியில் கிடக்கும் கெம்மெரிக்குக்குக் கால் எடுத்தாயிற்று, அவனுக்கே அது இன்னும் சரியாகத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் அவனுடைய உயர்ந்த ரக மஞ்சள் தோல் பூட்ஸ் இருக்கிறது. பார்க்க வந்த முல்லர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலில் படிக்கும்போது முல்லர் மேல் கோபம் வரும். கொஞ்சம் பக்கம் போனால் கோபம் போய்விடும். முனையில் நல்ல பூட்ஸ் கிடைக்காது, அவ்வளவுதான் கணக்கு. கெம்மெரிக் சாகிறான், பூட்ஸ் முல்லருக்கு வருகிறது. முல்லர் சாகிறான், பாலுக்கு வருகிறது. அதற்கப்புறம் நாவலில் பூட்ஸ் என்ற சொல் வந்தாலே நமக்கு வயிறு கலங்கும். பொருள் நிலைக்கிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான் என்பதை ரெமார்க் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். உங்கள் கதையில் ஒரு பொருளைக் கொண்டுவந்தால் தயவுசெய்து அதற்கு விளக்கம் எழுதாதீர்கள்.

இன்னொரு வழி, ஒரு பொருளைத் தொடராமல் எல்லாவற்றையும் அடுக்குவது. வியட்நாமில் சண்டையிட்ட டிம் ஓ'பிரையன் 1990-இல் வந்த தன் புத்தகத்தின் முதல் கதையில், ஒவ்வொரு சிப்பாயும் என்ன சுமந்தான் என்பதை எடையோடு சொல்லிக்கொண்டே போகிறார். துப்பாக்கி இவ்வளவு, தோட்டா இவ்வளவு, தலைக்கவசம் இவ்வளவு. அதே பட்டியலில், அதே குரலில், ஒரு பெண்ணின் கடிதக் கட்டும், கழுத்தில் சுற்றிய காதலியின் காலுறையும், பயமும் வருகின்றன. கடைசியில் வருவதற்கு எடை போட முடியாது என்பதால்தான் முன்னால் வந்த எடைகளெல்லாம் தேவைப்படுகின்றன. ராணுவத்துக் கணக்குப் புத்தகத்தின் பாஷையையே எடுத்து அவர் இதைச் சாதிக்கிறார்.

முரண் என்று தனியாக ஒரு வகுப்பு எடுக்கவேண்டுமானால் ஔவையே போதும். தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். ஔவை பாராட்டுவதுபோலத் தொடங்குகிறார். இவையெல்லாம் பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேலோ, பகைவரைக் குத்தி முனை சிதைந்து எப்போதும் 'கொல்துறைக் குற்றில்' கிடக்கிறது, கொல்லனுடைய சின்னப் பட்டறையில். இது 95-ஆவது பாட்டு. பள்ளிக்கூடத்தில் இதை அதியமானின் வீரம் என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். எனக்கு அதில் பிடித்தது வேறு. போர் எப்படி இருக்கும் என்பதைச் சண்டையைக் காட்டாமல், ஆயுதத்தின் நிலைமையைக் காட்டியே சொல்லிவிடுகிறார். பளபளப்பாக இருந்தால் பயன்படவில்லை என்று பொருள். ராணுவ அணிவகுப்பு வர்ணனையில் பத்து வரி செலவழிக்கும் நம் எழுத்தாளர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்கலாம்.

அடுத்தது, யார் கண்ணால் பார்ப்பது. போர்க்களத்தின் நடுவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலில் துணிந்து எழுதியவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால். 1839-இல் வந்த அவருடைய நாவலில் ஃபப்ரீஸ் என்ற இளைஞன் வாட்டர்லூ களத்தில் குதிரையில் அலைகிறான். புகை, சத்தம், யார் யாரோ ஓடுகிறார்கள். அப்புறம் அவனுக்கே சந்தேகம், நான் பார்த்தது நிஜமான போர்தானா என்று. தல்ஸ்தோய் இவரிடமிருந்து கற்றுக்கொண்டதாகவே சொல்லியிருக்கிறார். தல்ஸ்தோய் செவாஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர், எல்லாம் தெரிந்தவர். இருந்தும் 'போரும் அமைதியும்' நாவலில் பொரதினோ சண்டையின் முக்கியமான இடத்துக்கு, பட்டாளத்துக்கே சம்பந்தமில்லாத பியேரை வெள்ளைத் தொப்பியோடு அனுப்பிவைக்கிறார். தெரிந்தவன் கண்ணில் படாதது தெரியாதவன் கண்ணில் படும் என்ற கணக்கு அது.

உங்களுக்கு இது நேரடியாக உதவும். 1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் எடுத்த புகைப்படம் எல்லாருக்கும் தெரியும். மேசையில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் இந்தியத் தளபதி அரோரா, சுற்றிலும் அதிகாரிகள். உங்கள் பெரியப்பா அந்தப் படத்தில் இல்லை. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார், செய்தி அவருக்கு எப்படி வந்தது, யார் சொன்னார்கள், முதலில் என்ன செய்தார்கள், அன்றைக்குச் சாப்பாடு வந்ததா? போரின் பெரிய வரைபடத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவருக்குத் தெரிந்த அளவுதான் வாசகனுக்கும் தெரியவேண்டும்.

எதிரியைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரிக்குப் பெயர் கிடைக்கும் கணம் போர்க்கதையில் ஒரு தனி வகை. ரெமார்க்கில் பால், குண்டு விழுந்த பள்ளத்துக்குள் வந்து விழும் பிரெஞ்சுக்காரனைக் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. சாகும்வரை இருவரும் ஒரே பள்ளத்தில். பிறகு சட்டைப்பையைத் திறந்தால் பெயர் ஜெரார் துவால், தொழில் அச்சுக்கோப்பவர், மனைவி குழந்தை படம். இதைப் பார்த்துப் பலர் அப்படியே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எதிரியின் பையில் குடும்பப் படம் என்றால் இப்போது வாசகன் கொட்டாவி விடுவான். 1971-இல் வேறொரு வழி இருக்கிறது. சரணடைந்த சுமார் 93,000 பேரில் கடைசி ஆட்கள் ஊர் போய்ச் சேர 1974 ஆயிற்று. முகாமில் காவல் நின்றவனுக்கும் உள்ளே இருந்தவனுக்கும் இடையே சண்டை இல்லை, பேச மட்டும் நேரம் இருந்தது. பெரியப்பா அப்படி எங்காவது நின்றாரா என்று கேட்டுப்பாருங்கள்.

நகைச்சுவையை விட்டுவிடாதீர்கள். கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாட வந்த செயங்கொண்டார், களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்ச வைத்து, ஒவ்வொரு வகைப் பேய்க்கும் முறை வைத்து வார்க்க வைக்கிறார். பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பந்தி நடக்கிறது. வெற்றியின் உச்சத்தில் வாசகனுக்கு வயிற்றைப் புரட்டும், சிரிப்பும் வரும். போர் விமானிகளைப் பற்றி ஜோசப் ஹெல்லர் 1961-இல் எழுதிய 'கேட்ச்-22' நாவல் இதன் அலுவலக வடிவம். பைத்தியம் என்றால் விமானம் ஓட்ட வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று கேட்டாலே நீ தெளிவாக இருக்கிறாய் என்று பொருள், போய் ஓட்டு. மழை, சேறு, பனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள்.

இனி வீடு. தமிழில் போர் என்றாலே மேடையில் வருவது வீரத்தாய். 279-ஆவது புறப்பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தாநாள் சண்டையில் தமையன் போனான், நேற்று கணவன் போனான், இன்று பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனை அனுப்புகிறாள். பேச்சாளர்கள் இதோடு நிறுத்திக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். பாட்டு அங்கே நிற்பதில்லை. வெள்ளை வேட்டியை விரித்து உடுத்துகிறாள், காய்ந்து பரட்டையாக இருக்கும் குடுமியில் எண்ணெய் தடவி நீவுகிறாள், அப்புறம் 'செல்க' என்கிறாள். பள்ளிக்கு அனுப்பும் கை அது. பாடத் தொடங்கும்போதே மாசாத்தியார் இவள் துணிவு கொடியது என்றுதான் தொடங்குகிறார். இதில் பெருமை இருக்கிறதா, திகைப்பு இருக்கிறதா என்று கேட்டால், இரண்டும் என்பேன். ஒன்றை மட்டும் எடுத்தால் பாட்டு பாதியாகிவிடும்.

பொன்முடியாரின் 310-ஆவது பாட்டு இதைவிட நுணுக்கம். பால் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது கோபமில்லாமல் ஓங்கிய சின்னக் கோலுக்குப் பயந்தவன் இவன். இன்று உடம்பில் தைத்த அம்பைப் பற்றிக் கேட்டால், கவனிக்கவே இல்லையே என்கிறான். கேடயத்தின் மேல் கிடக்கிறான், தாடி இப்போதுதான் அரும்பியிருக்கிறது. ஒரே உடம்பின் இரண்டு காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார், நடுவில் ஒரு இணைப்புச் சொல்கூட இல்லை. குலேரி பல பக்கங்களில் செய்ததை இந்தப் பாட்டு சில வரிகளில் செய்துவிடுகிறது.

கடிதங்களையும் பயன்படுத்தலாம். முதல் உலகப் போரில் பிரான்ஸிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதியவற்றைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்துப் பகுதிகளை மொழிபெயர்த்து வைத்தார்கள். அதனால்தான் இன்று நமக்கு அவை கிடைக்கின்றன. தணிக்கை தெரிந்த சிப்பாய்கள் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்பதுபோல எழுதினார்கள். இந்தியப் படை அழிந்தது, வெள்ளைப் படையை இறக்குகிறார்கள் என்று பொருள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் அதைப் படித்துக்காட்டியிருப்பார், அவரும் கொஞ்சம் விட்டுப் படித்திருப்பார். சொல்லாமல் சொல்வது அப்படித்தான் பழக்கமாயிருக்கிறது. ஈழத்துப் போரிலிருந்து வந்த ஷோபாசக்தி, தன் 'கொரில்லா' நாவலை 2001-இல் ஒரு அகதி விண்ணப்பக் கடிதமாகத் தொடங்கினார். பிழைக்க வேண்டுமானால் தன் துயரத்தை அதிகாரி நம்பும் படிவத்தில் எழுதியாக வேண்டும் என்ற நிலைமை. அதிகாரத்தின் காகிதத்தை எடுத்து அதற்குள்ளேயே அதை உடைப்பது, நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் அதே வேலைதான்.

ஊர் திரும்புதல், எனக்குக் கேட்டால், சண்டையைவிடப் பெரிய கருப்பொருள். விடுமுறையில் வரும் பாலிடம் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா கேட்கிறாள், அங்கே ரொம்ப மோசமா என்று. அவ்வளவு மோசமில்லை என்கிறான். பார்க்கப் போன இடத்தில் செத்த நண்பனின் அம்மா எப்படிச் செத்தான் என்று கேட்டால், உடனே போய்விட்டான், வலியே இல்லை என்று சத்தியம் செய்கிறான். இரண்டும் பொய். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) நாவலில் இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவுக்கு, தான் வேலை பார்த்த மலேயாக் கடை முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்ளும் வழி அடைபட்டுப்போகிறது. துப்பாக்கி பிடித்தவனுக்குக் கணக்குப் பேரேட்டில் இனி இடமில்லை. யார் போருக்காக யார் சாவது என்ற கேள்வியும் சிங்காரத்திடம் நிறைய. அதை 1972-இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யில் இன்னும் விரித்திருப்பார்.

உங்கள் பெரியப்பாவிடம் ஊர்ப் பையன்கள், எத்தனை பேரைச் சுட்டீங்க என்று கேட்டிருப்பார்கள். அவர் படா கானா என்கிற பட்டாளத்து விருந்தில் என்ன போட்டார்கள், சுபேதார் சாப் எப்படித் திட்டினார் என்று பேச்சை மாற்றியிருப்பார். அந்த மாற்றுகிற இடத்தை எழுதுங்கள். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் இறங்கி, பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்ததை எழுதுங்கள். அந்தப் பெட்டி இப்போது எங்கே, அதில் என்ன கிடக்கிறது, கேழ்வரகா, பத்திரமா? கொல்லை வரப்புத் தகராறில் அவர் எப்படி நடந்துகொண்டார்? அப்புறம் இன்னொன்று. வருடாவருடம் நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும். போரில் சாகாமல் வந்தவர் மெஷினில் விரலை வைக்கிறார், ரேகை விழவில்லை, மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். கதையை அங்கே தொடங்கினால், சண்டைக்கு ஒரு பக்கம் போதும் என்று நினைக்கிறேன். அந்த ஒரு பக்கத்தில் "ரத்த ஆறு", "சிங்கம் போல" போன்றவற்றை முதல் திருத்தத்திலேயே அடித்துவிடுங்கள்.

படிக்கும் வரிசை கேட்டால்: முதலில் குலேரி, ஒரே உட்காரலில் முடியும். பிறகு புறநானூற்றில் நான் சொன்ன நாலு பாட்டு, உரையோடு. அதற்கப்புறம் ரெமார்க், பின்பு சிங்காரம். தல்ஸ்தோயை இந்தக் கதையை முடித்துவிட்டு எடுங்கள், நடுவில் எடுத்தால் கதை ஆறு மாதம் தள்ளிப்போகும்.